ராஜகால்வாய்க் கரையில் நடைபாதை: தொம்மலூரின் பக்கம் வருமா தெளிந்த நீர்?

பெங்களூர்: நதி இல்லாத நகரம் என்று பெயரெடுத்தது பெங்களூர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் அமர்ந்திருக்கும் இந்நகரில் ஆறு ஓடவில்லை. ஆறுகளுக்கான நீர் இங்கிருந்து புறப்பட்டுச் செல்கிறது. அப்படிப் புறப்படும் கால்வாய்களில் ஒன்றின் கரையோரமாக, மெஜஸ்டிக் பகுதியிலிருந்து பெள்ளந்தூர் ஏரி வரை ஏறத்தாழ 9 கி.மீ. தொலைவுக்கு நடைபாதையும் மிதிவண்டித் தடமும் அமைக்கும் திட்டம் 2021-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. "கே-100" என்ற வறண்ட பெயரைக் கொண்ட அத்திட்டம், சாக்கடையாகிப்போன ஒரு நீரோடையை மீட்டு மக்களின் காலடிக்குக் கொண்டுவர இந்திய மாநகரம் ஒன்று மேற்கொண்ட முக்கிய முயற்சிகளுள் ஒன்று.

கே என்பது கோரமங்களாவைக் குறிக்கும். அக்காலத்தில் பேட்டைப் பகுதியும் பெள்ளந்தூரும் தனித்தனி ஊர்கள். இடையே வயல்களும் ஏரிகளும் இருந்தன. இரண்டையும் இணைத்தது மழைநீர் ஓடிய இந்தக் கால்வாய்தான். இப்போது இரண்டும் ஒரே நகரத்துக்குள் அடங்கிவிட்டன. ஆனால் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் கால்நடையாகச் செல்வது முன்னைவிடக் கடினமாகிவிட்டது என்பதுதான் வேடிக்கை.

கால்வாயின் வடகிழக்கே, பழைய விமான நிலையச் சாலையை ஒட்டி அமைந்திருப்பது தொம்மலூர். தமிழர் கணிசமாக வாழும் பகுதி இது. தொம்மலூர்ப் பக்கத்து மழைநீர் கோரமங்களாக் கால்வாயில் சேர்வதில்லை. அதன் உடன்பிறப்பான சல்லகட்டாக் கால்வாயில் சேர்கிறது. அல்சூர் ஏரியின் பக்கமிருந்து வரும் அந்தக் கிளையும் பெள்ளந்தூர் ஏரியில்தான் முடிகிறது. இரண்டு கிளைகளையும் சேர்த்தே "கோரமங்களா - சல்லகட்டா பள்ளத்தாக்கு" என்று அரசு ஆவணங்கள் குறிப்பிடுகின்றன. நடைபாதைத் திட்டம் வகுக்கப்பட்டது கோரமங்களாக் கிளைக்கு மட்டுமே. ஆனால் இரு கிளைகளின் நோயும் ஒன்று; சேருமிடமும் ஒன்று.

ஏரிகள் போன இடம்: தொம்மலூருக்கும் நீருக்கும் உள்ள உறவு பழமையானது. இங்குள்ள சொக்கநாத சுவாமி கோயில் பெங்களூரின் மிகப் பழைய கோயில்களுள் ஒன்று. பெயரைக் கேட்டதும் மதுரைச் சொக்கநாதர் நினைவுக்கு வரலாம். இங்கே எழுந்தருளியிருப்பவர் திருமால், கல்வெட்டுகளில் சொக்கப்பெருமாள். சோழர் காலத்தது எனக் கருதப்படும் இக்கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் பல உள்ளன. ஊரின் பெயர் அவற்றில் தொம்பலூர் என்றும், தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் காணப்படுகிறது. போசள மன்னன் வீரராமநாதன் காலத்துக் கல்வெட்டுகளும் இங்கு உண்டு. கோயிலுக்கு நிலம் கொடுத்ததைக் கூறும் ஒரு கல்வெட்டு, விண்ணமங்கலத்து ஏரியையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நிலத்தின் அடையாளமாக ஏரியைச் சொன்ன காலம் அது.

அந்த வழக்கம் பெங்களூரில் வேறு வடிவில் இன்றும் தொடர்கிறது. கோரமங்களாவில் ஒரு குடியிருப்பின் பெயரே "எஸ்.டி. பெட்". சினிவாகிலு ஏரிப்படுகை என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. ஏரியின் படுகையில் வீடு கட்டியதை மறைக்காமல் பெயரிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் அப்பகுதியில் வெள்ளம் புகும்போது ஏரி தன் முகவரியைத் தேடி வருகிறது என்றே சொல்ல வேண்டும்.

பட்டியல் நீளமானது. கால்வாய் தொடங்கும் இடத்தில் இருந்த தர்மாம்புதி ஏரி, இன்று மெஜஸ்டிக் பேருந்து நிலையம். சம்பங்கி ஏரி, கண்டீரவா விளையாட்டரங்கம். கோரமங்களா ஏரியின் இடத்தில், 1997-இல் நடைபெற்ற தேசிய விளையாட்டுப் போட்டிக்காக அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. சல்லகட்டா ஏரி, தொம்மலூரை அடுத்த கோல்ஃப் மைதானமாயிற்று. தொம்மலூர் ஏரியோ இரண்டாம் கட்டக் குடியிருப்பு மனைகளாகப் பிரிக்கப்பட்டது.

ஏரிகள் போன பின்னரும் அவற்றை இணைத்த கால்வாய்கள் எஞ்சின. கன்னடத்தில் ராஜகாலுவே, தமிழில் ராஜகால்வாய். ஓர் ஏரி நிரம்பினால் உபரி நீரை அடுத்த ஏரிக்குக் கொண்டுசெல்வது அவற்றின் வேலை. தமிழகத்தின் ஏரிச் சங்கிலி முறையும் இதுவே. இடையில் ஏரிகளை எடுத்துவிட்டால், வழியில் தங்கி, தெளிந்து, நிலத்தில் ஊறிச் செல்ல வேண்டிய நீர் ஒரே ஓட்டமாகக் கீழே பாய்கிறது. மழையில்லாத நாள்களில் ஓடுவதற்கு நீரில்லாத அந்தக் கால்வாய்களை நகரத்தின் கழிவுநீர் நிரப்பியது.

காவிரி நீர் பெண்ணையாற்றில்: பெங்களூரின் கழிவுநீர்க் கணக்கு தமிழக வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. நகரம் குடிப்பது காவிரி நீர். ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரத்துக்கு மூன்று கட்டங்களாக இறைத்து ஏற்றப்படுகிறது. ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்டதில், அதுவரை கிடைத்துவந்த நாளொன்றுக்குச் சுமார் 145 கோடி லிட்டருடன் மேலும் 77.5 கோடி லிட்டருக்கு வழி செய்யப்பட்டது. வீட்டுக்குள் வரும் நீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராக வெளியேறும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு.

வெளியேறும் நீர் எல்லாம் காவிரிக்குத் திரும்புவதில்லை. நகரின் மேற்குச் சரிவில் விருஷபாவதி ஓடை அர்க்காவதியில் கலந்து காவிரியை அடைகிறது. கிழக்குச் சரிவின் நீரோ பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தட்சிண பினாகினியில் சேர்கிறது. நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் அந்த ஆறு, தமிழகத்தில் தென்பெண்ணை. ஒசூர் அருகே கெலவரப்பள்ளி அணை, பின்னர் கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகள், இறுதியில் கடலூர். தொம்மலூரில் ஒரு வீட்டின் கழிவுநீர்க் குழாய் மழைநீர்க் கால்வாயில் திறந்தால், அதன் விளைவைக் காண்பவர்களில் ஒசூர் விவசாயியும் ஒருவர். கெலவரப்பள்ளி அணையிலிருந்து நீர் திறக்கப்படும்போது ஆற்றில் நுரை பொங்கும் காட்சி ஆண்டுதோறும் செய்தியாகிவருகிறது.

நுரை பிறக்குமிடம் பெள்ளந்தூர். ஏறத்தாழ 900 ஏக்கர் பரப்புள்ள அந்த ஏரி, 2015-ஆம் ஆண்டில் தீப்பிடித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. 2017 பிப்ரவரியில் மீண்டும் தீ. 2018 ஜனவரியில் மூண்ட தீயை அணைக்க ஏராளமான ராணுவ வீரர்கள் இறங்க வேண்டியிருந்தது. நீரில் தீ என்பது கவிதைக்குப் பொருந்தலாம். நகராட்சிக்குப் பெருமை தராது.

தில்லியில் நடந்தது: ஏரியின் வழக்கு தில்லியில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் வந்தது. நீதிபதி ஆதர்ஷ்குமார் கோயல் தலைமையிலான அமர்வு, 2018 டிசம்பரில் கர்நாடக அரசுக்கு ரூ. 50 கோடியும், பெங்களூர் மாநகராட்சிக்கு ரூ. 25 கோடியும் அபராதம் விதித்தது. சீரமைப்புப் பணிக்கென ரூ. 500 கோடியைத் தனிக் கணக்கில் ஒதுக்குமாறும் உத்தரவிட்டது. கண்காணிப்புக் குழுவுக்கு உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி சந்தோஷ் ஹெக்டே தலைமை ஏற்றார்.

நடைபாதைக்கு நேரடித் தொடர்புடைய வழக்கு மற்றொன்று. ஏரி, கால்வாய் ஓரங்களில் எவ்வளவு இடத்தைக் கட்டடமின்றி விட வேண்டும் என்பது கேள்வி. 2016 மே மாதம் பசுமைத் தீர்ப்பாயம் ஏரிக்கு 75 மீட்டர் என்றும், முதன்மைக் கால்வாய்க்கு 50, இரண்டாம் நிலைக் கால்வாய்க்கு 35, மூன்றாம் நிலைக்கு 25 மீட்டர் என்றும் அறிவித்தது. மாநில அரசும் கட்டுமான நிறுவனங்களும் மேல்முறையீடு செய்தன. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த அளவுகளை ரத்து செய்தது. நகரப் பெருந்திட்டத்தில் முன்பிருந்தபடி ஏரிக்கு 30 மீட்டர், கால்வாய்களுக்கு முறையே 50, 25, 15 மீட்டர் என்பது மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

முதன்மைக் கால்வாயைப் பொறுத்தவரை இரண்டு தீர்ப்புகளிலும் அளவு ஒன்றுதான். ஆனால் சாந்திநகரிலோ ஈஜிபுராவிலோ கால்வாய்க் கரையில் நின்று பார்ப்பவர்களுக்கு 50 மீட்டர் என்பது வேற்று நாட்டுச் செய்தியாகவே தோன்றும். பல இடங்களில் வீட்டுச் சுவரும் கால்வாய்ச் சுவரும் ஒட்டி நிற்கின்றன. இருக்கும் இடுக்கில் பாதை அமைக்க வேண்டும் என்பதே திட்டத்தை வகுத்தோர் எதிர்கொண்ட முதல் சவால்.

சியோல் காட்டிய வழி: திட்டத்துக்கு முன்மாதிரியாகப் பேசப்பட்டது தென் கொரியத் தலைநகர் சியோலில் உள்ள சியோங்கேசியோன் ஓடை. அதன் மீது கான்கிரீட் மூடி, அதற்கு மேல் மேம்பாலச் சாலையும் போட்டிருந்தார்கள். 2003-இல் அம்மேம்பாலத்தை இடிக்கத் தொடங்கி, 2005 அக்டோபரில் 5.8 கி.மீ. நீளத்துக்கு ஓடையையும் கரையோர நடைபாதையையும் மக்களுக்குத் திறந்துவைத்தனர். அப்போது மேயராக இருந்த லீ மியூங் பாக் பின்னாளில் நாட்டின் அதிபரானார். ஓடையை மீட்டவருக்கு வாக்கு கிடைக்கும் என்ற செய்தி பல நாட்டு அரசியல்வாதிகளின் காதிலும் விழுந்திருக்க வேண்டும்.

ஆனால் அங்கே ஓடும் நீரில் பெரும்பகுதி ஓடைக்குச் சொந்தமானதன்று. ஹான் ஆற்றிலிருந்து மின்சாரத்தால் இறைத்து விடப்படுவது. பெங்களூரில் இறைப்பதற்குப் பக்கத்தில் ஆறு கிடையாது. எனவே கழிவுநீரைத் தனிக் குழாயில் பிரித்தனுப்பிவிட்டு, சுத்திகரித்த நீரை மெல்லிய ஓடையாகக் கால்வாயின் நடுவே ஓடவிடுவது என்று இங்கே திட்டமிடப்பட்டது. கரைகளில் நடைபாதை, செடிகள், அமர்வதற்குத் திண்ணைகள், இருபுறத்தையும் இணைக்கும் சிறு பாலங்கள். கட்டடக் கலைஞர் நரேஷ் நரசிம்மனுடன் தொடர்புடைய மோட் அறக்கட்டளை வடிவமைப்பில் பங்கேற்றது. தொடக்கத்தில் சுமார் ரூ. 175 கோடி என மதிப்பிடப்பட்டது.

திட்டத்தின் கரு சரியானது. பெங்களூரில் மிதிவண்டிக்கென இடம் ஒதுக்கும் முயற்சிகள் பெரும்பாலும் சாலையோரத்தில் நடந்தன; சாலை விரிவாக்கம், மெட்ரோ பணி என ஏதாவது ஒன்று வரும்போது முதலில் பறிபோவது அந்த இடமே. 2020-இல் வெளிவட்டச் சாலையில் அமைக்கப்பட்ட மிதிவண்டித் தடத்துக்கு நேர்ந்த கதி இதுதான். கால்வாய்க் கரைக்கு அந்தப் போட்டி கிடையாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் இறங்கும் வழி என்பதால் செங்குத்தான ஏற்றமும் இல்லை. மிதிவண்டி ஓட்டுபவருக்கு இதைவிட நல்ல வழியைப் பொறியாளர் வரைந்து தர முடியாது. நிலமே வரைந்து கொடுத்த பாதை அது.

இரண்டு துறை, ஒரு கால்வாய்: பாதை போடுவது எளிது. நீரைத் தெளிய வைப்பதுதான் கடினம். முதல் ஆண்டிலேயே முடிந்துவிடும் என எதிர்பார்க்கப்பட்ட பணி, கெடு மேல் கெடுவாகத் தள்ளிப்போனது. முடிக்கப்பட்ட பகுதிகளிலும் கழிவுநீர் கலக்கிறது, துர்நாற்றம் வீசுகிறது என்ற புகார்கள் ஓயவில்லை.

காரணம் நிர்வாக அமைப்பிலேயே இருக்கிறது. மழைநீர்க் கால்வாய் மாநகராட்சியின் பொறுப்பு. கழிவுநீர் 1964-இல் அமைக்கப்பட்ட குடிநீர், கழிவுநீர் வாரியத்தின் பொறுப்பு. பூமிக்கடியில் இருக்க வேண்டிய கழிவுநீர்ப் பெருங்குழாய்கள் பல இடங்களில் மழைநீர்க் கால்வாய்க்குள்ளேயே, அதன் படுகையில், செல்கின்றன. இறக்கத்தை ஒட்டிக் குழாய் போடுவதே செலவு குறைந்த வழி என்பதால் அப்படிச் செய்தார்கள். மழைக்காலத்தில் கால்வாயில் வரும் மண்ணும் குப்பையும் ஆள்நுழைகுழிகளை அடைக்கின்றன. அடைத்த குழாய் பொங்கிக் கால்வாயில் வழிகிறது. மாநகராட்சி தூர் வாரினால் குழாய் உடைகிறது; வாரியம் குழாயைச் சீர்செய்தால் கரை சேதமடைகிறது. இதற்கிடையே புதிதாக முளைக்கும் கட்டடம் ஒவ்வொன்றும் தன் குழாயை எங்கே திறக்கிறது என்பதை இரவில் சென்று பார்ப்பவர் எவரும் இல்லை.

சல்லகட்டாக் கிளையில் சிக்கல் வேறுவகை. தொம்மலூரைக் கடந்ததும் கோல்ஃப் மைதானம், ராணுவ நிலம், தனியார் தொழில்நுட்ப வளாகங்கள் எனப் பொதுமக்கள் நுழைய முடியாத இடங்கள் அடுத்தடுத்து வருகின்றன. அங்கே கரையோரப் பாதை என்றால் பொறியாளரைவிட முதலில் தேவைப்படுபவர் பல கதவுகளைத் தட்டி அனுமதி பெறுபவரே. ஒரு மேம்பாலத்துக்காக ராணுவ நிலத்தைப் பெறுவதற்குத் தொம்மலூர் எத்தனை காலம் காத்திருந்தது என்பதை அப்பகுதியினர் அறிவர்.

கரையில் வாழ்பவர் யார்?: நடைபாதை என்றதும் மனத்தில் எழுவது காலணி அணிந்து காலையில் நடப்பவர்களின் உருவம். கோரமங்களாக் கால்வாய்க் கரையில் இன்னொரு கூட்டமும் உண்டு. நீலசந்திரா, ஈஜிபுரா உள்ளிட்ட பகுதிகளில் துப்புரவு, கட்டட வேலை, வீட்டு வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. கால்வாயின் நாற்றத்தையும், வெள்ளத்தையும், கொசுவையும் இத்தனை காலம் சகித்தவர்கள் அவர்கள். கரை அழகானதும் நில மதிப்பு ஏறும். அப்போது அவர்கள் அங்கேயே இருக்க முடியுமா என்பது எந்த வரைபடத்திலும் எழுதப்படாத கேள்வி.

இந்த அச்சம் கற்பனையன்று. 2013 ஜனவரியில் ஈஜிபுராவில் நலிந்த பிரிவினருக்கான குடியிருப்பு இருந்த இடத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அகற்றப்பட்டன. அந்த நிலத்தில் வணிக வளாகமும் எழுப்பும் திட்டம் இருந்தது. பாத்திர பண்டங்களுடன் தெருவில் நின்றவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், தமிழர்களும் பலர். ஆமதாபாதில் சபர்மதி ஆற்றங்கரை சீரமைக்கப்பட்டபோது, இரு கரைகளிலுமாகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம்பெயர நேர்ந்தது. வீடு பெறுவதற்கே அவர்கள் உயர் நீதிமன்றம் செல்ல வேண்டியிருந்தது. சிங்கப்பூரிலும் 1977-இல் தொடங்கிப் பத்தாண்டுகள் நடைபெற்ற ஆற்றுத் தூய்மைப் பணியின்போது சாலையோர வியாபாரிகளும் படகுக்காரர்களும் வேறிடங்களுக்கு மாற்றப்பட்டனர். அங்கே மாற்று இடமும் உணவு அங்காடிகளும் அரசின் செலவில் கட்டித் தரப்பட்டன என்பது வேறுபாடு. ஆற்றங்கரையில் நடைபாதைகள் வந்தது அதற்குப் பின்னர்.

கோலாருக்குப் போகும் நீர்: கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வேலை நடக்கவே இல்லை என்று சொல்வதற்கில்லை. பெள்ளந்தூர் ஏரியை ஒட்டிய சுத்திகரிப்பு நிலையங்கள் உள்ளிட்டவற்றிலிருந்து நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் நீரைக் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குக் குழாய்வழியே அனுப்பும் திட்டம் 2018 ஜூன் மாதம் செயல்படத் தொடங்கியது. வறண்டு கிடந்த ஏரிகளில் நீரைக் கண்ட மகிழ்ச்சியும், அந்த நீர் போதிய அளவு தூய்மையானதா என்ற சர்ச்சையும் கோலாரில் சேர்ந்தே எழுந்தன. இரண்டாம் கட்டச் சுத்திகரிப்போடு நிறுத்தாமல் மூன்றாம் கட்டமும் தேவை என்பது அங்குள்ள விவசாயிகளின் கோரிக்கை.

இதில் தமிழகத்துக்கு ஒரு கவலை உண்டு. கழிவு வந்தால் நுரை. கழிவு நின்றால் நீரும் குறையும். தென்பெண்ணையில் கோடைக்காலத்தில் ஓடும் நீரின் கணிசமான பகுதி பெங்களூர் வெளியேற்றுவதே. அதே தென்பெண்ணையின் துணையாறான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் அணை கட்டுவதை எதிர்த்துத் தமிழகம் தாக்கல் செய்த மனுவை 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நடுவர் மன்றத்தை நாடுவதே வழி என்றது. காவிரியைப் பற்றி நாடாளுமன்றத்தில் எழும் குரலில் பத்தில் ஒரு பங்கும் தென்பெண்ணைக்கு எழுவதில்லை.

தலைநகர் தில்லிக்கும் இக்கதை புதிதன்று. வஜிராபாதிலிருந்து ஓக்லா வரை யமுனை ஓடும் 22 கி.மீ., ஆற்றின் மொத்த நீளத்தில் இரண்டு சதவீதம்கூட இல்லை. ஆனால் யமுனையின் மாசில் முக்கால் பங்கு அங்கேதான் சேர்கிறது. கரையில் பூங்காக்களும் மிதிவண்டிப் பாதைகளும் அமைக்கப்பட்டுள்ளன. யமுனையில் கலக்கும் நஜஃப்கர் கால்வாய் உண்மையில் சாகிபி என்ற நதி. சாக்கடை என்றே பழகிய மக்களுக்கு அதன் பழைய பெயரை நினைவூட்ட அரசே அறிவிப்புச் செய்ய வேண்டியதாயிற்று. கோரமங்களாக் கால்வாய்க்கோ நினைவூட்ட ஒரு பெயர்கூட இல்லை. எண் மட்டுமே இருக்கிறது.

2022 செப்டம்பர் மழையில் பெள்ளந்தூர், யெமலூர் பகுதிகள் மூழ்கி, மென்பொருள் நிறுவனங்களின் ஊழியர்கள் டிராக்டர்களில் ஏறி வேலைக்குச் சென்றதை நாடு பார்த்தது. கால்வாய் ஆக்கிரமிப்புகளை அகற்றும் பணி அதன் பின் சிறிது காலம் வேகம் பெற்றது. பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தூர் வாரும் பொறுப்பு பெங்களூர் வளர்ச்சி ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கான கெடுவும் பல முறை நீட்டிக்கப்பட்டது.

இதற்கிடையே கால்வாயின் உரிமையாளரே மாறிவிட்டார். நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கிய பெங்களூர் பெருநகர மாநகராட்சி இப்போது இல்லை. 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி கிரேட்டர் பெங்களூர் ஆணையம் அமைக்கப்பட்டு, அதே ஆண்டு செப்டம்பரில் அதன்கீழ் ஐந்து மாநகராட்சிகள் உருவாயின. கோரமங்களாக் கால்வாய் தொடங்கும் மெஜஸ்டிக் பகுதி மத்திய மாநகராட்சியில் இருக்கிறது, தொம்மலூரும் அதில்தான். கால்வாய் சென்றடையும் பெள்ளந்தூர் கிழக்கு மாநகராட்சியில் இருக்கிறது. கரையோரச் செடிகளுக்கு நீர் ஊற்றுவதும், தடுப்பில் சிக்கும் குப்பையை அள்ளுவதும், விளக்குகளின் மின்கட்டணத்தைச் செலுத்துவதும் எந்த எல்லை வரை எவருடைய வேலை என்பதை இந்த மாநகராட்சிகள் இனி தங்களுக்குள் பிரித்துக்கொண்டாக வேண்டும்.